மே மாதத்து அளவு

ஆதிமூலம் மாமாவின் கிணற்றுச் சுவரில் மஞ்சள் பெயின்டில் ஒரு நம்பர் எழுதியிருக்கும். அரசாங்கம் மாதாமாதம் ஆள் அனுப்பித் தண்ணீர் மட்டம் அளக்கிற கிணறு என்பதற்கு அது அடையாளம். அந்த அளவுக்காகத்தான் அவருடைய மூன்று விரல்களை நான் மண்வெட்டியால் வெட்டினேன். கை தவறிவிட்டது, கால் வழுக்கிவிட்டது என்று கோர்ட்டில் சொல்லச் சொல்லி வக்கீல் தலைபாடாக அடித்துக்கொண்டார். நான் சொல்லவில்லை. வெட்டினேன் என்றால் வெட்டினேன்தான்.

ஆதிமூலம் என் வீட்டுக்காரர் இராமலிங்கத்தின் கூடப்பிறந்த அண்ணன். எங்கள் ஊர் ஏந்தல்மேடு. திருவண்ணாமலையில் கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறினால் அரைமணி நேரம். எந்த வரப்பில் நின்று நிமிர்ந்தாலும் மலை தெரியும். பாகம் பிரித்தபோது, மூத்தவர் என்று கிணறும் கரண்டும் இருந்த துண்டு அவருக்குப் போனது. எங்களுக்கு அதை ஒட்டின மேட்டு நிலம் இரண்டு ஏக்கர், ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல். என் வீட்டுக்காரர் அன்றைக்கும் வாயைத் திறக்கவில்லை. அவர் வாயில் எப்போதும் கொழுக்கட்டைதான்.

நாங்களே கிணறு வெட்டினோம். பதினைந்தடியில் பாறை வந்துவிட்டது. அதற்குக் கீழே வெடி வைத்து வெடி வைத்துத்தான் இறங்கினோம். ஒருநாள் வெடித்த கல் ஒன்று இத்தனை தூரம் பறந்து வந்து என் நெற்றியைப் பிளந்தது. அந்தத் தழும்போடுதான் எண்பத்தொன்பதாம் வருஷம் கரண்டு சர்வீஸுக்கு எழுதிக் கொடுத்தேன். வரிசைப்படி வரும் என்றார்கள். வரும்வரைக்கும் டீசல் இன்ஜின்.

அந்த இன்ஜினை மனிதர்கள் செய்திருக்க மாட்டார்கள். கைப்பிடியைப் போட்டுச் சுற்றுவோம். சுற்றுகிற வேகத்தில் அது பிடித்துக்கொண்டால் நல்லது. பிடிக்காமல் எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டால் கைப்பிடி எகிறி அடிக்கும். ஒருமுறை என் வீட்டுக்காரரின் தாடையில் அடித்து இரண்டு பல்லை எடுத்துக்கொண்டது. அடுத்த வரப்பில் மாமா ஒரு விரலால் பச்சை பட்டனை அமுக்குவார், தண்ணீர் கொட்டும். நான் வயிறு எரிய எரியப் பார்த்துக்கொண்டு நிற்பேன். பொறாமைதான். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இப்படி எட்டு வருஷம் போனது. எங்களைப் போல எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தவர்கள் ஊரில் பதினோரு குடும்பம்.

கிணறு அளக்க வருகிறவர் பெயர் விமல்ராஜ். ஒல்லியான ஆள். மாதத்தின் முதல் வாரம் பஸ்ஸில் வந்து இறங்குவார். இரும்பு டேப்பின் நுனியில் சாக்பீஸ் தடவிக் கிணற்றுக்குள் விடுவார். மேலே இழுத்து, சாக்பீஸ் எதுவரை நனைந்திருக்கிறது என்று பார்த்து நோட்டில் எழுதுவார். வந்த பஸ் திரும்பி வருவதற்குள் ஓடிவிடுவார். அவர் எழுதுவதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை, தொண்ணூற்றேழாம் வருஷம் பாலாஜி ஒரு செய்தியோடு வரும்வரை.

பாலாஜி எங்கள் பதினோரு குடும்பத்துக்கும் தலைவர் மாதிரி. டவுனுக்குப் போய் வருகிறவர், நாலு ஆபீஸ் படி ஏறினவர். வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் பக்கம் கேட்டுக்கொண்டு வந்ததைப் பால் சொசைட்டி கொட்டகையில் எங்களை உட்கார வைத்துச் சொன்னார்.

"தண்ணி கம்மியா இருக்கற ஏரியாவ டார்க்குனு எழுதிடப் போறாங்களாம். டார்க்குனு எழுதிட்டா முடிஞ்சுது. புதுக் கெணத்துக்கு லோனும் கெடையாது, சர்வீஸும் கெடையாது. நம்ம மனு எல்லாம் குப்பைக்குப் போயிடும்."

அடுத்த தடவை விமல்ராஜ் வந்தபோது பதினோரு பேரும் அவரைச் சுற்றி நின்றோம். அவர் பயந்துபோனார். பாலாஜிதான் கேட்டார்.

"சார், நீங்க எழுதறத வெச்சுத்தான் டார்க்கு போடுவாங்களா?"

"இதையும் வெச்சுத்தான். மே மாச அளவும் ஜனவரி மாச அளவும் முக்கியம்."

"தண்ணி கீழ போச்சுன்னா?"

"வருஷா வருஷம் கீழயே போயிட்டிருந்தா நல்லதில்லைங்க. இருங்க, பஸ் வந்துடுச்சு."

ஓடினார். ஏறினார். போய்விட்டார். அவர் சொன்னது பாதி. மீதிப் பாதி அந்த பஸ்ஸில் போனது. அது எங்களுக்குத் தெரியவில்லை.

ஜனவரியில் மழைத் தண்ணீர் இருக்கும், கவலையில்லை. மே மாதம்தான் கிணறு தரை தட்டும். அதனால் பாலாஜி ஒரு வழி கண்டுபிடித்தார். அளக்க வருவதற்குப் பத்து நாள் முன்னாலிருந்து ஆதிமூலம் மோட்டார் போடக் கூடாது. பக்கத்துக் கிணற்றுக்காரர்கள் நாங்கள் ஐந்து பேர் இன்ஜின் ஓட்டி, ரப்பர் குழாய் இழுத்து, எங்கள் தண்ணீரை அவர் கிணற்றில் கொட்ட வேண்டும். மட்டம் ஏறி நிற்கும். டார்க் வராது. சர்வீஸ் வரும். எல்லோரும் கை தட்டினோம். நானும்தான் தட்டினேன், கை சிவக்கச் சிவக்க.

மாமா முதல் வருஷம் ஒத்துக்கொண்டார். தம்பிக்காக என்றார். பத்து நாள் என் வேர்க்கடலை காய்ந்தது, என் தண்ணீர் அவர் கிணற்றில் விழுந்தது. விமல்ராஜ் வந்து டேப்பை விட்டு எடுத்துப் பார்த்து, "பரவால்லியே, மே மாசத்துல இவ்ளோ தண்ணியா!" என்றார். பாலாஜி அவருக்குக் கலர் சோடா உடைத்துக் கொடுத்தார். அந்தப் பத்து நாளில் மாமாவின் மல்லித் தோட்டத்தில் பாதிச் செடி கருகிப்போனதை யாரும் பேசவில்லை.

அந்த மல்லிதான் அவர் குடும்பத்துக்குச் சோறு. அரை ஏக்கர். சாயங்காலம் மொட்டு பறித்து, விடியற்காலையில் டவுன் பூ மார்க்கெட்டுக்கு அனுப்புவார்கள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலை சுற்ற ஜனம் வந்து குவியும்போது மல்லிக்கு மவுசு. எல்லாவற்றையும்விடச் சித்ரா பௌர்ணமிக்கு. தொண்ணூற்றெட்டில் அந்தச் சித்ரா பௌர்ணமி மே மாதத்தில் வந்து விழுந்தது, சரியாக அளவுக்கு அடுத்த வாரம்.

"இந்த வருசம் என்னால முடியாது" என்றார் மாமா. "மொட்டு விடற நேரம். தண்ணி இல்லன்னா மொட்டு மொத்தமும் உதிந்துடும்."

அன்றைக்கே பாலாஜியின் ஆட்கள் அவர் தோட்டத்துக்குப் போகிற குழாயை அரிவாளால் ஏழு இடத்தில் வெட்டினார்கள். மறுநாள் காலையில் மாமா பெரிய கருங்கல்லைத் தூக்கி வந்து என் இன்ஜின் மேல் போட்டார். டீசல் டேங்க் நசுங்கியது. என் வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார், அவ்வளவுதான். நான் மாமாவின் வீட்டு வாசலில் போய் நின்று கத்தினேன். அவர் மனைவி சந்திரம்மாள் அக்கா வெளியே வந்து என் கையைப் பிடித்தாள்.

"உண்ணாமல, ஒரே வீட்டுல வாக்கப்பட்டவங்கடி நாம. அவர நான் சொல்லி நிறுத்தறேன். நீ போ."

சொல்லி நிறுத்தினாள். நான் நசுங்கின டேங்கைத் தட்டி நிமிர்த்தி இன்ஜினை ஓட்டினேன். மாமா எட்டு நாள் மோட்டார் போடவில்லை. எட்டு நாளும் அவர் செடிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, மொட்டு காய்ந்து உதிர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அது தெரியும். என் வயலிலிருந்தே தெரியும். பாவம் என்று தோன்றியதா என்று கேட்டால், தோன்றியது. அதற்கு மேல் என் சர்வீஸ் தோன்றியது.

ஒன்பதாம் நாள் காலை ஒன்பது மணிக்கு, மோட்டார் ஓட்டுகிற மூன்று பேஸ் கரண்டு வந்தது. நான் இன்ஜின் பக்கத்தில் மண்வெட்டியோடு நின்றிருந்தேன். இன்ஜின் சத்தத்தையும் மீறி இன்னொரு சத்தம் கேட்டது. மாமாவின் மோட்டார்.

ஒரு நிமிஷம் எனக்குப் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. நான் என் கிணற்றிலிருந்து இறைத்துக் கொட்டுகிற தண்ணீரை அவர் அந்தப் பக்கம் இறைத்து மல்லிக்கு விடுகிறார். என் டீசல், என் தண்ணீர், என் காய்ந்த வேர்க்கடலை, எல்லாம் அவர் வீட்டுப் பூவாகிறது. அளக்க இன்னும் இரண்டு நாள்தான்.

ஓடினேன். கிணற்றை ஒட்டின அவருடைய மோட்டார் கொட்டகை வாசலில் மண்வெட்டியைப் போட்டுவிட்டு உள்ளே நுழைந்து, சுவிட்ச் பலகையிலிருந்த பியூஸைப் பிடுங்கினேன். மோட்டார் முனகி நின்றது.

"குடு அத" என்றார் மாமா.

"இன்னும் ரெண்டே நாளு மாமா."

"என் கெணறு, என் மோட்டரு. எவன் எவனோ சர்வீஸ் வாங்கறதுக்கு என் புள்ளைங்க பட்டினி கெடக்கணுமா?"

"எவன் எவனோவா? உங்க தம்பிக்கு!"

"தம்பியே பேசல. நீ யாருடி பேச?"

அறைந்தார். முழுக் கையால், விட்டு அறைந்தார். நான் கொட்டகைக்கு வெளியே போய் மல்லாந்து விழுந்தேன். வாயெல்லாம் ரத்தம். ஒரு பக்கக் காது கொய்யென்று கத்தியது. தூரத்தில் என் வீட்டுக்காரர் வரப்பில் நிற்பது தெரிந்தது. நின்றுகொண்டேதான் இருந்தார்.

சத்தம் கேட்டுப் பாலாஜியும் இன்னும் மூன்று பேரும் ஓடிவந்தார்கள். மாமாவைக் கீழே தள்ளி ரப்பர் குழாயால் அடித்தார்கள். முதுகில், தொடையில், முகத்தில். ரப்பர் அடி விழும்போது ஈரத் துணியைக் கல்லில் துவைக்கிற சத்தம் வரும். சந்திரம்மாள் அக்கா ஓடிவந்து அவர் மேல் குப்புற விழுந்தாள். அவள் முதுகிலும் இரண்டு விழுந்தது. "செத்துடுவாருடா, விடுங்கடா" என்று அவள் கதறியபோதுதான் நிறுத்தினார்கள்.

அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. முடியவில்லை. மாமா எழுந்தார். மூக்கிலிருந்து ரத்தம் ஒழுகியது. என் பக்கத்தில் மண்ணில் கிடந்த பியூஸை எடுத்தார். தள்ளாடிக்கொண்டு கொட்டகைக்குள் போனார். வலது கையால் மரக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, இடது கையால் பியூஸைப் பலகையில் செருகப் போனார். யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. அடித்த நாலு பேருமே வழி விட்டு ஒதுங்கினார்கள்.

நான் எழுந்தேன். மண்வெட்டியை எடுத்தேன். குறி பார்க்கவில்லை என்று போலீஸ்காரரிடம் சொன்னேன். அது ஒன்றுதான் பொய். பார்த்தேன். கம்பத்தைப் பிடித்திருந்த கையைத்தான் பார்த்தேன். என்னை அறைந்த கை. ஓங்கி இறக்கினேன். மண்வெட்டி மரத்தில் பதிந்து நின்றுவிட்டது, இழுத்தாலும் வரவில்லை.

மாமா கத்தவில்லை. கையைத் தூக்கிப் பார்த்தார். கட்டை விரலும் சுண்டு விரலும் இருந்தன. நடுவில் மூன்றும் இல்லை. அப்புறம்தான் ரத்தம் வந்தது. பலகையில், பியூஸில், பச்சை பட்டனில் எல்லாம் தெறித்தது. சந்திரம்மாள் அக்கா முந்தானையைக் கிழித்து அவர் கையைச் சுற்றிக் கட்டினாள். பிறகு மண்டிபோட்டுத் தரையில் தேடினாள். இரண்டைக் கண்டுபிடித்தாள். மூன்றாவது கிணற்றுக்குள் விழுந்திருக்க வேண்டும். எடுத்த இரண்டையும் முந்தானை மிச்சத்தில் முடிந்துகொண்டு, பால் வண்டியில் அவரை ஏற்றி டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனாள். போகும்போது என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதற்கப்புறம் இன்றுவரை அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. விரல் ஒட்டவுமில்லை.

பாலாஜியும் மற்றவர்களும் மாயமானார்கள். நான் கிணற்றுச் சுவரில் அந்த மஞ்சள் நம்பருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் போலீஸ் ஜீப் வந்தது. என்னை ஏற்றும்போது என் வீட்டுக்காரர் ஓடிவந்தார். ஒருவழியாக வாயைத் திறந்தார்.

"உண்ணாமல, இன்ஜின நிறுத்திடட்டுமா?"

அது அத்தனை நேரமும் ஓடிக்கொண்டிருந்தது. என் தண்ணீர் அந்தக் கிணற்றில் விழுந்துகொண்டேதான் இருந்தது.

"நிறுத்தாதீங்க" என்றேன். "இன்னும் ரெண்டு நாள் இருக்கு."

அவர் நிறுத்தவில்லை. இரண்டு நாள் கழித்து விமல்ராஜ் வந்து அளந்தார். போன வருஷத்தைவிட நல்ல அளவு என்று என் வீட்டுக்காரர் என்னைப் பார்க்க வந்தபோது கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னார். அன்றைக்கு ஜெயிலில் நான் இரண்டு வேளையும் வயிறாரச் சாப்பிட்டேன்.

திருவண்ணாமலை கோர்ட்டில் வழக்கு நடந்தது. மாமா கூண்டில் ஏறிக் கையைத் தூக்கிக் காட்டினார். நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். எனக்கு ஒரு வருஷம். வேலூர் ஜெயிலில் இருந்தேன். அங்கே ஒவ்வொரு நாளும் பச்சை பட்டனை அமுக்குவது போல நினைத்துக்கொண்டுதான் தூங்குவேன். என் கிணறு, என் மோட்டார், என் ஒரு விரல். வந்ததும் அதுதான் முதல் வேலை என்று இருந்தேன்.

வந்தேன். சர்வீஸ் வரவில்லை. இரண்டாயிரத்தொன்றில் ஒரு கடிதம் வந்தது. எங்கள் பகுதி டார்க் என்று முடிவாகிவிட்டது, மனு திருப்பி அனுப்பப்படுகிறது. பதினோரு வீட்டுக்கும் அதே கடிதம். பெயர் மட்டும்தான் வேறு.

நான் பஸ் ஏறி, வேங்கிக்காலில் கிணறு அளக்கிறவர்களின் ஆபீஸுக்குப் போனேன். விமல்ராஜ் இப்போது உள்ளே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், தலை நரைத்திருந்தது. நேரே போய்ச் சட்டையைப் பிடித்துத் தூக்கினேன். இரண்டு பட்டன் தெறித்தது. பியூன் ஓடிவந்து என் தோளைப் பிடித்தான். நான் விடவில்லை.

"மே மாசத்துல அவ்ளோ தண்ணி காட்டினமே. அப்புறம் ஏன்டா டார்க்குனு எழுதின?"

"காட்டினீங்களா? இன்னாம்மா சொல்றீங்க?"

சொன்னேன். குழாய் இழுத்தது, ஐந்து இன்ஜின் ஓட்டியது, பத்துப் பத்து நாள் கொட்டியது, எல்லாம். பியூனை வெளியே போகச் சொன்னார். ஒரு காகிதத்தை எடுத்துக் கிணறு மாதிரி ஒரு கட்டம் போட்டார்.

"எம்மா, தண்ணி எவ்ளோ இருக்குன்னு மட்டும் நாங்க பாக்கறதில்ல. மழையில எவ்ளோ ஏறுதுன்னுதான் பாக்கறோம். மே மாசம் அடியில இருக்கணும். ஜனவரில மேல வரணும். நடுவுல இருக்கற அந்த ஏத்தம் ஜாஸ்தியா இருந்தா, இந்த ஊருக்கு மழத் தண்ணி நல்லா எறங்குது, இன்னும் எடுக்கலாம்னு அர்த்தம். நீங்க மே மாசமே ரொப்பி வெச்சுட்டீங்க. ஜனவரில வந்து பாத்தா ஏறவே இல்ல. மழ பேஞ்சும் இங்க ஒண்ணும் எறங்கலைனு கணக்கு சொல்லிடுச்சு."

"ஒரு கெணத்த வெச்சா?"

"உங்க பக்கத்துல மொத்தம் மூணு கெணறு. ஒண்ணு இப்படி வந்துச்சு, ஒண்ணு அப்படி வந்துச்சு. உங்களுதுதான் தராசுல கடைசிக் கல்லு."

நான் அவர் சட்டையை விட்டேன். பாதி சொல்லிவிட்டு பஸ் பிடிக்க ஓடினவரை அடித்துக் கொன்றிருக்கலாம். கீழே விழுந்த பட்டன் இரண்டையும் பொறுக்கி மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன்.

ஊரில் இறங்கி வீட்டுக்குப் போகவில்லை. நேரே மாமாவின் தோட்டத்துக்குப் போனேன். மறுநாள் காலை மார்க்கெட்டுக்கு அனுப்ப, பொம்பளைகளோடு வரிசையில் நின்று மொட்டு பறித்துக்கொண்டிருந்தார். மண்வெட்டி பிடித்தால் ஊரில் அவருக்கு ஈடு கிடையாது, ஒரு காலத்தில். அந்தக் கை இப்போது எதையும் பிடிக்காது. இடுப்பில் துணிப்பை கட்டிக்கொண்டு இடது கையால் ஒவ்வொரு மொட்டாகக் கிள்ளிப் போட்டார். மூன்று வருஷத்துக்குப் பிறகு அன்றுதான் அவர் எதிரில் போய் நின்றேன். பறித்துக்கொண்டிருந்தவர்கள் நகர்ந்துவிட்டார்கள். விமல்ராஜ் சொன்னதை அப்படியே சொன்னேன், ஒன்றையும் மறைக்கவில்லை.

அவர் கிணற்றுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அப்போ அன்னிக்கு நான் மோட்டரு போட்டது?"

"அத ஓட விட்டிருந்தா தண்ணி கீழ போயிருக்கும் மாமா. அளவு சரியா வந்திருக்கும். எங்க பதினோரு பேருக்கும் சர்வீஸ் வந்திருக்கும்."

அறைந்தார். பழக்கத்தில் அந்த வலது கைதான் வந்தது. கட்டை விரலும் சுண்டு விரலும் கன்னத்தில் பட்டு வழுக்கிப் போயின. வலிக்கவே இல்லை. அன்றைக்கு ஒரே அறையில் என்னை மல்லாத்தின கை அது. நான் அப்படியே நின்றேன். அழ எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"அந்தக் கையால அடிங்க மாமா" என்றேன். "வலிக்கற மாதிரி அடிங்க."

மாமா இடது கையைத் திருப்பிப் பார்த்தார். விரல் நுனியெல்லாம் பச்சைக் கறை.

"இது பூ பறிக்கற கை" என்று சொல்லிவிட்டு அடுத்த செடிக்குப் போனார்.